ஊசியும் அகப்பையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சனிக்கிழமைதோறும் ஒரு சிறு வகுப்பு நடத்துகிறேன். சோறு வடிக்க, ரசம் வைக்க, பட்டன் தைக்க, கிழிசலை ஒட்டுப்போடத் தெரியாதவர்கள் வருகிறார்கள். பாதிப்பேர் முப்பது வயதைத் தாண்டியவர்கள். கல்லூரிப் பிள்ளைகள் சிலர், மனைவியை இழந்த பெரியவர்கள் இரண்டு மூன்று பேர். கேட்பதெல்லாம் ஒரே கேள்விகள். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டுக் கைவேலை உண்மையிலேயே குறைந்துவிட்டதா? எல்லாத் தலைமுறையும் இப்படித்தானே புலம்புகிறது?

புலம்பல் பழையதுதான். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வெளிவந்தது 1951இல். உறவுக்காரர்கள் ஓயாமல் செய்முறை கேட்டு எழுதியதால், புத்தகமாகவே எழுதிவிடும்படி வீட்டுப் பெரியவர் ஒருவர் தூண்ட, பிறந்தது அது. ஆக, பக்கத்தில் அம்மா இல்லாமல் அடுப்பு முன்னால் விழித்தவர்கள் எழுபது ஆண்டுகளுக்கு முன்பும் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் கேட்டது வேறு. பிட்லைக்கு எதை வறுத்து அரைப்பது, மைசூர்பாகு ஏன் கல்லாகிறது என்பது போன்ற சந்தேகங்கள். சோறு வெந்துவிட்டதா என்று பார்க்க அவர்களுக்குத் தெரியும். என் வகுப்புக்கு வந்த ஓர் இளைஞருக்கு ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்ற பழமொழி நன்றாகத் தெரிந்திருந்தது. பள்ளியில் அதற்கு விளக்கம் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார். அகப்பையால் ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பார்க்கச் சொன்னபோதுதான், அந்தப் பழமொழி ஒரு வேலையைப் பற்றியது என்பதே அவருக்குப் புரிந்தது. குக்கர் விசிலை எண்ணி வளர்ந்த பிள்ளை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

பெண்கள் வேலைக்குப் போனதுதானே காரணம்?

இதுவரை இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட அனைவரும் ஆண்கள்.

எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்கிறேன். நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது என் அம்மா என்னை அடுப்படிக்குள் விடமாட்டார். பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாலும் எழுப்பிவிடுவார். “இந்தக் கரி என்னோடு போகட்டும், நீ போய்ப் படி” என்பார். எங்கள் தெருவில் பல வீடுகளில் இதே பேச்சு. கைவேலை கையைவிட்டுப் போனது சோம்பேறித்தனத்தால் மட்டும் அன்று. தெரிந்தவர்களே வேண்டுமென்று கற்றுத்தராமல் நிறுத்தினார்கள். சமைக்கத் தெரிந்த பெண் சமைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்பதை அவர்கள் வாழ்ந்து பார்த்திருந்தார்கள். தெரியாது என்று சொல்வதுதான் மகளுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே விடுப்பு என்று கணக்குப் போட்டார்கள்.

கணக்கு முழுவதும் பலிக்கவில்லை என்பது வேறு விஷயம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது, எதிலிருந்து குறைத்தார்கள் என்பதுதான் விளங்கவில்லை!

மிக்சியும் கிரைண்டரும் வந்ததால்தான் பழைய பக்குவம் போயிற்று என்கிறார்களே?

ஆட்டுக்கல்லுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் ஒருநாள் அதில் இரண்டு ஆழாக்கு உளுந்தை ஆட்டிவிட்டு வந்து பேசட்டும். தோள்பட்டை பதில் சொல்லும். கோயம்புத்தூரில் 1950களில் பிறந்த மின்சார கிரைண்டர், தமிழ்ப் பெண்களின் முதுகைக் காப்பாற்றிய கருவி. அந்த ஊர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது பொருத்தமே. 2011இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது நகரத்தில் சிலர் கேலி பேசினார்கள். அவர்களுடைய வீடுகளில் ஆட்டுக்கல் மூலைக்குப் போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

கருவி மாறினாலும் பக்குவம் தங்கும். உளுந்து பந்துபோல் எழும்பிவிட்டதா, அரிசி ரவைபோல் இருக்கிறதா என்று கிரைண்டரிலும் கைவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கைவிட்டுப் பார்க்கும் வாய்ப்பை எடுத்துக்கொண்டது பாக்கெட். தெருவில் “அம்மி கொத்தலையோ” என்ற குரலும் ஓய்ந்துவிட்டது. இப்போது அம்மி, மணப்பெண் காலை வைப்பதற்காக ஒரு மணி நேரம் மண்டபத்துக்கு வந்து போகிறது.

பாக்கெட் மாவு வாங்குவது தவறா?

தவறில்லை. நானும் வாங்குகிறேன். பாக்கெட் மாவு விற்கும் ‘ஐடி ஃப்ரெஷ்’ (iD Fresh) நிறுவனம் பெங்களூரில் 2005இல் தொடங்குவதற்கு முன்பிருந்தே எங்கள் பேட்டையில் பாத்திரம் கொண்டுபோய்க் கரண்டிக் கணக்கில் மாவு வாங்கும் வழக்கம் இருந்தது. அந்த மாவை விற்று எத்தனையோ பெண்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

ஆனால் மாவு ஏன் பொங்குகிறது என்றாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள், ஊறி அரைபட்ட மாவில் பெருகி, வாயுவையும் புளிப்பையும் உண்டாக்குகின்றன. அந்த வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் வழுவழுப்பு. அதனால்தான் உளுந்தைத் தனியாக, காற்று ஏறும்படி நிறைய நேரம் அரைக்கிறோம். நான்கு ஆழாக்கு இட்லி அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். சென்னைச் சூட்டில் எட்டு மணி நேரம் போதும். சித்திரையில் அதற்கு முன்பே பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி மேடையில் வழிந்திருக்கும். மார்கழியில் போர்வை சுற்றி வைக்க நேரும். உளுந்து பழையதாக இருந்தால் எந்தச் சூட்டிலும் எழும்பாது. மாவு பொங்கவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்குக் கோளாறு உளுந்தில்தான். அவர்களோ தங்கள் கைராசியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

இவ்வளவும் தெரிந்தபின் பாக்கெட் வாங்கினால் அது உங்கள் விருப்பம். தெரியாமல் வாங்கினால் கடைக்காரர் வைத்ததே புளிப்பு.

எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே, பிறகு வகுப்பு எதற்கு?

யூடியூப் நல்ல வாத்தியார். தேங்காய் உடைப்பதிலிருந்து வாழைப்பூ ஆய்வதுவரை காட்டுகிறது. என் வகுப்பில் பலரை அனுப்பி வைத்ததே யூடியூப்தான். பார்த்துச் செய்து, தோற்று, பிறகு வந்தவர்கள்.

அதில் வராத ஒன்று பதம். அதிரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் ஈரம் தெரியும் நிலையிலேயே இடிக்க வேண்டும். முழுதாகக் காய்ந்துவிட்டால் அதிரசம் விறைக்கும். பிறகு வெல்லப் பாகு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் கரையாமல் மெத்தென்ற உருண்டையாக வர வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும்; தாண்டவிட்டால் பல்லை உடைக்கும். இரண்டுக்கும் இடையில் உள்ள நேரம் ஒரு நிமிடம்கூட இராது. கடலை உருண்டைக்கு இன்னும் மேலே போக வேண்டும்: உருட்டிய பாகைத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்க வேண்டும். குலாப் ஜாமூனுக்குக் கம்பிப் பதம்கூட வேண்டாம், விரலில் பிசுக்கென்று ஒட்டினால் போதும்.

காணொளியில் உருண்டை தெரியும், அதன் மெத்து தெரியாது. வெல்லத்துக்கு வெல்லம் ஈரம் வேறு, உங்கள் அடுப்பின் தீ வேறு. முதல் முறை யாராவது பக்கத்தில் நின்று “இதோ, இப்போது தொட்டுப் பார்” என்று சொன்னால் கை அதை மறக்காது. இல்லையென்றால் நான்கு முறை கெடுத்துத் தெரிந்துகொள்ளலாம், அதுவும் வழிதான். ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று சொன்னவர்கள் வெல்லம் விற்கும் விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பாட்டி சொல்லும் ‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு?

அவருடைய கையளவு. உங்கள் கை பெரிதாக இருந்தால் உப்பு கரிக்கும். ஆழாக்கு, உழக்கு என்றால் பயப்பட வேண்டாம்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. வீட்டில் ஒரே டம்ளரை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டால் விகிதம் தவறாது.

ஒன்றுமே தெரியாது. எதில் தொடங்குவது?

சோறு, பருப்பு, ரசம், ஒரு பொரியல். பிரியாணியில் தொடங்காதீர்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் பிரியாணியில்தான் தொடங்கியிருக்கிறார்கள், அடிப்பிடித்த குண்டானை மனைவி இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறார்.

ரசம் நல்ல ஆசான். புளி கரைக்க, நுரைகட்டியதும் இறக்க, எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்தபின் சீரகம் போட, தீயைக் குறைத்துப் பெருங்காயம் போட என்று பாதிச் சமையல் அதற்குள் இருக்கிறது. கொதிக்கவிட்டால் கெட்டுவிடும் என்பதால் அடுப்பை விட்டு நகரவும் முடியாது. கெட்டாலும் நஷ்டம் ஒரு எலுமிச்சை அளவு புளிதான்.

துணி மலிவாகிவிட்டது. இன்று யாருக்கு ஊசி நூல் தேவை?

துணி மலிவானதும் உண்மை, தைக்க முடியாததாக மாறியதும் உண்மை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஏழு வயதில் எடுத்த பட்டுப்பாவாடையைப் பன்னிரண்டு வயதுவரை கட்டினேன். எடுக்கும்போதே நீளமாக எடுத்து, கீழே இரண்டு மூன்று டக் (மடிப்பு) பிடித்துத் தைத்துவிடுவார்கள். நான் வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரிப்பார்கள். பிரித்த இடத்தில் வெளுக்காத ஒரு கோடு இருக்கும். தோழிகள் அந்தக் கோடுகளை எண்ணிப் பாவாடைக்கு எத்தனை வயது என்று கேலி செய்வார்கள். ரவிக்கையிலும் அப்படித்தான், பக்கவாட்டில் உள்ளே துணி விட்டுத் தைப்பார்கள். உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரித்தால் போதும். ஓரம் நைந்த நூல்புடவை தூளியாகும். தூளி கிழிந்தால் தலையணை உறை, அதுவும் போனால் கைப்பிடித் துணி.

இன்றைய ஆயத்த ஆடையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓவர்லாக் இயந்திரம் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைப்பதால் கால் அங்குலத் துணிகூட மிச்சம் இராது. இறுக்கிப் பிடிக்கலாம், பெரிதாக்க முடியாது. திருத்தித் திருத்தி உடுத்துவார்கள் என்று நினைத்துச் செய்யப்பட்ட ஆடை அன்று. ஆகவே ஊசி பிடிக்கத் தெரியாமல் போனதற்குப் பாதிப் பழியை அந்த ஓரத்தின் மேல் போடலாம்.

இருந்தாலும் பட்டன் இன்னும் விழுகிறது. பேண்ட் ஓரம் இன்னும் பிரிகிறது. மழைநாளில் பள்ளிப்பையின் வார் அறுகிறது. இந்த மூன்றுக்கும் ஊசி போதும்.

பட்டனை எப்படித் தைப்பது? நான் தைத்தால் ஒரே வாரத்தில் விழுந்துவிடுகிறது.

துணியோடு ஒட்ட இறுக்கித் தைக்கிறீர்கள், அதனால்தான். நூலை இரட்டையாகக் கோத்து முடிச்சுப் போடுங்கள். முதலில் பட்டன் இல்லாமல் துணியில் சிறிதாக இரண்டு தையல், பிறகு பட்டன். பட்டனுக்கு மேலே ஒரு தீக்குச்சியைக் குறுக்கே வைத்து, அதன்மேல் நூல் போகும்படி துளைக்கு நான்கு முறை தையுங்கள். குச்சியை உருவினால் நூல் தளர்ந்திருக்கும். பட்டனை மேலே இழுத்து, அதற்கும் துணிக்கும் நடுவே நூலை ஐந்தாறு சுற்றுச் சுற்றி, அடியில் முடிந்துவிடுங்கள். அந்தச் சிறு கழுத்து, காஜா (பட்டன் நுழையும் துளை) ஓரத்தின் கனத்துக்கு இடம் விடும். சட்டை நைந்தாலும் பட்டன் நிற்கும்.

தையல் மிஷின் வாங்கலாமா?

கையால் ஓட்டுத்தையலும் ஓரம் மடித்துத் தைப்பதும் பழகியபிறகு வாங்குங்கள். மின்சார மிஷின் வாங்கி அட்டைப்பெட்டியோடு பரணில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். பழைய கால்மிஷின் கிடைத்தால் விடாதீர்கள். எண்ணெய் விட்டு பெல்ட் மாற்றினால் பேரப்பிள்ளைகள் காலம்வரை ஓடும். நூல் அறுந்துகொண்டே இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஊசியை மாற்றிப் பாருங்கள். பனியன் துணிக்கு அதற்கென்று முனை மழுங்கிய ஊசி உண்டு.

வருமானம் குறைந்த பெண்கள், கைம்பெண்கள், கணவனால் கைவிடப்பட்டவர்கள் போன்றோருக்கு, சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவச மிஷின் வழங்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இயந்திரங்களை அவ்வளவாக விரும்பாத காந்தியே 1924இல், சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் காணப் பொறுக்காமல் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது அவர் சொன்ன காரணம். ஒரே சமயத்தில் பல குடும்பங்கள் வைத்திருந்த ஐசக் சிங்கரின் கதையைப் படித்தவர்கள் காந்தி சற்றுத் தாராளமாகப் பேசிவிட்டார் என்றே சொல்வார்கள். மிஷின் நல்ல மிஷின்தான்.

பையனுக்கு எதற்கு இதெல்லாம்?

நளபாகம் என்கிறோம், வீமபாகம் என்கிறோம். நளனும் வீமனும் யார்? கல்யாணத்துக்குச் சமைக்க வருபவர்களும் ஆண்கள். தெருமுனைத் தையல்கடையில் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பவரும் பெரும்பாலும் ஆண். கூலி கிடைக்கும் இடமெல்லாம் ஆணுக்கு வரும் கை, வீட்டுக்குள் வந்ததும் வராமல் போகிறது.

என் வகுப்புக்கு வரும் பெரியவர் ஒருவர், நாற்பது ஆண்டுகள் மனைவி கையால் காபி குடித்தவர். மனைவி இறந்த மூன்றாம் நாள் டிகாக்ஷன் போடத் தெரியாமல் அடுப்படியில் நின்றதைச் சொன்னார். ஃபில்டரின் மேல் அடுக்கு எது, கீழ் அடுக்கு எது என்று தெரியவில்லையாம். பையனுக்குக் கற்றுக்கொடுங்கள்.

பள்ளியில் பாடமாக வைத்தால் என்ன?

வைத்தால் இருபாலருக்கும் வையுங்கள். நான் படித்த பள்ளியில் தையல் வேளை என்று ஒன்று இருந்தது. அந்த நேரத்தில் பையன்கள் மைதானத்துக்குப் போய்விடுவார்கள். நாங்கள் வெள்ளைத் துணியில் சங்கிலித் தையல் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். தையல் மீது எனக்கு வெறுப்பு வந்தது அங்கேதான். அது தீர இருபது ஆண்டுகள் ஆயின. கோவையில் 1957இல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கியபோது, வீட்டுவேலை என்பது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அறிவு என்று துணிந்து சொன்னார்கள். அதையும் பெண்களுக்கு மட்டும் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் குறை உண்டு.

அபார்ட்மெண்டில் வடாம் போட முடியுமா?

குடியிருப்போர் சங்கம் மொட்டைமாடிக்குப் பூட்டுப் போடாமல் இருந்தால் முடியும். கூழ் வடாமுக்கு வெயில் ஏறுமுன் கிளறி, பிழிந்து, காக்கைக்குக் காவல் வைக்க வேண்டும். கோடை விடுமுறையில் சும்மா இருக்கும் பிள்ளைகள் நான்கு பேர் இல்லாத வீட்டில் வடாம் எப்போதும் கஷ்டம்தான். பால்கனியில் வெயில் வந்தால் மோர்மிளகாயில் தொடங்குங்கள், காக்கை தொடாது.

பாட்டிக்கு எண்பது வயது. அவருடைய பக்குவத்தை எப்படி எழுதி வைப்பது?

கேட்டு எழுதாதீர்கள். கேட்டால் “எல்லாம் போட்டு வதக்கு” என்பார். சமைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். உப்பு டப்பா, புளி, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் முன்கூட்டியே தராசில் நிறுத்து வையுங்கள். அவர் முடித்தபின் மறுபடி நிறுத்துப் பாருங்கள். குறைந்திருப்பதுதான் அளவு. எடுக்கும்போது மறித்து அளந்தால் கை தடுமாறும், திட்டும் விழும். எப்போது தீயைக் குறைத்தார், எந்த மணம் வந்ததும் அடுத்ததைப் போட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே குழம்பை மூன்று நாள் இப்படி எடுத்தால் மூன்று கணக்கு வரும். மூன்றையும் எழுதி வையுங்கள்.

ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண் தெரியவில்லை.

நூல் முனையைச் சாய்வாக வெட்டுங்கள். எச்சில் தொட்டு நூலைத் தட்டையாக்கி, இரண்டு விரலுக்கு இடையில் முனை மட்டும் தெரியும்படி பிடித்துக்கொண்டு, ஊசியை அதன்மேல் இறக்குங்கள். அதற்கும் வரவில்லையென்றால் வீட்டில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிடுங்கள். எங்கள் பாட்டி ஒவ்வொரு மத்தியானமும் கூப்பிடுவார். நான் கோத்துக் கொடுத்துவிட்டு ஓடப் பார்ப்பேன். நூல் தீரும் வரை இரு, மறுபடி கோக்க வேண்டும் என்று பக்கத்திலேயே உட்கார வைத்துவிடுவார். அவர் நூலை எப்போதும் முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டவே மாட்டார்.